தண்ணீர் குடித்த கார்

சிறுநீரகப் பிரிவு கொடுத்த அட்டையில் அவரைப் பற்றி இவ்வளவுதான் எழுதியிருந்தது: "உடன் வருபவர். நோயாளியின் அருகே அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும். கருவி எதையும் தொடக் கூடாது." மேலே ஒட்டியிருந்த புகைப்படம் அவருடையதுதான். அதைத் தவிர அட்டையில் இருந்த எதுவும் அவருக்குப் பொருந்தவில்லை. அவர் அமைதியாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கருவி எதையும் தொடாமல் அவருக்கு ஒரு பொழுது போனதாகவும் தகவல் இல்லை.

அவருடைய தொழில் சோபாவுக்கு உறை மாற்றுவது. கடைவீதி முனையில் ஷட்டர் போட்ட ஒற்றை அறை. உள்ளே தோலுரிந்து எலும்பும் ஸ்பிரிங்குமாக நிற்கும் நாற்காலிகள். உட்கார மட்டும் இடம் கிடையாது. வேலை செய்யும்போது உதடுகளுக்கு நடுவே குண்டூசிகளைக் கவ்வியிருப்பார். அதனால் குண்டூசி என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீட்டில் அண்ணனும் தங்கையை அப்படித்தான் கூப்பிடுவார்.

அண்ணன் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பேருந்துகள் நேரத்துக்கு வந்ததில்லை என்றாலும் அவர் நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். சொன்ன நேரம் சொன்ன நேரம்தான், சொன்ன சொல் சொன்ன சொல்தான் என்பது அவருடைய கொள்கை. ஒரு கல்யாண வீட்டில் கோபத்தில் "இனி இந்த வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, கோபம் தணிந்த பிறகும் அந்த வீட்டுக்குப் பின்வாசல் வழியாகவே போய் வந்த மனிதர்.

அவருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகி, வாரம் மூன்று முறை இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஆனது. முதல் நாளே, குடும்பம் முழுக்கக் கட்டிலைச் சுற்றி நின்றிருக்கும்போது, அண்ணன் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்.

"நம்ம வண்டி ஓடுற வரைக்கும் வர்றேன். அது நின்னுடுச்சுன்னா என்னையும் விட்டுடணும். வாடகை வண்டியில ஏறி இறங்கி உயிர் பிழைக்கிற ஆள் நான் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். மருத்துவர்கூடச் சிரித்தார். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. பின்வாசல் வழியாக அவருக்குப் பின்னாலேயே போய் வந்தவர் அவர்தான்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் நீலமாக இருந்த, பெட்டி போன்ற பழைய கார். கதவு ஒன்றை உள்ளிருந்து திறக்க முடியாது, இன்னொன்றை வெளியிலிருந்து மூட முடியாது. ஆனால் முன் இருக்கை கட்டில் மாதிரி முழுதாகச் சாயும். அதைக் குண்டூசியே பிரித்து, பஞ்சு மாற்றி, உறை தைத்துப் போட்டிருந்தார். இயந்திரத்திலிருந்து எழுந்து வரும்போது அண்ணனுக்குக் கால் தசை இழுத்துப் பிடிக்கும், தலை சுற்றும். அந்த இருக்கையில் நீட்டிப் படுத்தால்தான் முகத்தில் ரத்தம் வரும். ஊரிலேயே மோசமான காருக்குள் ஊரிலேயே நல்ல இருக்கை இருந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம், திரும்பி வரும் வழியில், வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பின்னால் வெள்ளைப் புகை. நாற்சந்தியில் எஞ்சின் ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு நின்றது. நல்லவேளையாக மெக்கானிக் பட்டறை அடுத்த தெருவில்தான் இருந்தது. ஓட்டி வந்த குண்டூசி இறங்கித் தள்ள, முன்பின் தெரியாத நாலு பேரும் வந்து கைகொடுத்தார்கள். அண்ணன் படுத்த நிலையிலேயே ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா, அடுத்த வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கு" என்று உத்தரவு போட்டார். அந்த நாலு பேருக்கும் நன்றி சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

பட்டறை வாசலில் இறங்கியதும் அண்ணன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "நின்னுடுச்சு" என்றார். பிறகு வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

அடுத்த முறை செவ்வாய்க்கிழமை. அதைத் தவறவிட்டால் உடம்பில் தேங்கும் நீரும் நஞ்சும் என்ன செய்யும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார், அப்போது அவர் சிரிக்கவில்லை.

மெக்கானிக்குக்கு ஊரில் ஆகட்டும் என்று பெயர். எதைக் கேட்டாலும் அந்த ஒரு சொல்தான் பதில். அதற்குப் பிறகு ஆகாது. ஆனால் இந்த முறை அவருக்கு நியாயமான காரணம் இருந்தது. சொந்தப் பட்டறையில் சிந்திய ஆயிலில் தானே வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு உடைந்து, முழங்கை வரை மாவுக்கட்டு. கூட வேலை செய்தவர்களை லீவில் அனுப்பிவிட்டு, பூட்டிய பட்டறைக்குள் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, அடுத்த மாசம் பார்க்கலாம். ஆகட்டும்."

"செவ்வாய்க்கிழமை காலையில வேணும்" என்றார் குண்டூசி.

"என் கையைப் பாருங்க."

"பார்த்தேன். உங்ககிட்ட தலை இருக்கு, என்கிட்ட கை இருக்கு. ரெண்டையும் சேர்த்தா ஒரு மெக்கானிக் வராதா?"

மெக்கானிக் தன் மாவுக்கட்டையும் குண்டூசியின் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தார். மரச்சட்டத்தில் தோலை இழுத்து ஆணி அடித்துப் பழகிய விரல்கள் அவை. "ஆகட்டும்" என்றார். அந்தச் சொல்லுக்குப் பிறகு ஏதோ ஒன்று நடந்தது அவர் வரலாற்றில் அதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

ஞாயிறு காலை எஞ்சின் ஆறிக் கிடந்தது. குண்டூசியோடு அண்ணியும் அண்ணன் மகளும் வந்திருந்தார்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, வாய் வரை தண்ணீர் நிரப்பி, கிளப்பச் சொன்னார் மெக்கானிக். இருமிக்கொண்டே கிளம்பிய எஞ்சின் மூன்று காலால் நடப்பது போல நொண்டியது. ரேடியேட்டர் வாயில் சோடா மாதிரிக் குமிழிகள் பொங்கின.

"போதும், நிறுத்துங்க. உள்ள எரியுற காத்து தண்ணிக்குள்ள வருது. இப்ப பிளக்கைக் கழட்டுங்க, வரிசையா வைங்க."

நான்கு ஸ்பார்க் பிளக்குகளில் மூன்று கரியாகவும் ஒன்று மட்டும் கழுவி வைத்தது போலப் பளபளவென்றும் இருந்தன. பார்ப்பவர்களுக்கு அந்த ஒன்றுதான் நல்லது என்று தோன்றும். மெக்கானிக் அதைத்தான் எடுத்தார்.

"இதான் குடிகாரன். மூணாவது சிலிண்டர். தண்ணியை உள்ள இழுத்து, நெருப்புல ஆவியாக்கி, புகையா விட்டுட்டு இருக்கான். ஹெட் கேஸ்கெட் போயிடுச்சுக்கா."

கேஸ்கெட் என்பது பெரிய விஷயமல்ல. கீழே எஞ்சினின் உடல், மேலே அதன் தலை, நடுவில் ஒரு மெல்லிய தகடு. ஆனால் நெருப்பு, தண்ணீர், எண்ணெய் மூன்றும் தனித்தனி ஓட்டைகள் வழியாக அந்தத் தகட்டைத் தாண்டித்தான் போய் வருகின்றன. மூவரும் ஒரே வீட்டில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் குடித்தனம் நடத்துவது அந்தத் தகட்டின் தயவால். அது ஓரிடத்தில் கருகினால் வீடு இரண்டுபடும்.

"கடைசியா தண்ணி எப்ப ஊத்தினீங்க?" என்று கேட்டார் மெக்கானிக்.

குண்டூசி அண்ணியைப் பார்த்தார். அண்ணி மகளைப் பார்த்தார். மகள் ரேடியேட்டரைப் பார்த்தாள்.

"காலையில பால் வாங்கப் போறப்ப கொஞ்சம் ஊத்துவேன்" என்றார் அண்ணி. "ஒரு செம்பு. அவ்வளவுதான்."

"என்னைக்கு?"

"தினமும்."

"அம்மா, நீயுமா?" என்றாள் மகள். "நான் ஆபீஸ் கிளம்புறப்ப ஊத்திட்டுப் போறேன். தண்ணி குறைஞ்சிருக்கும், ஆனா ரொம்பக் குறையலையேன்னு நெனச்சேன்."

"அது நான் ஊத்தினதுடி!"

"அப்ப நான் ஊத்தினது எங்க போச்சு?"

"ஆஸ்பத்திரி வரைக்கும் போச்சு" என்றார் குண்டூசி. "அங்க வாட்ச்மேன்கிட்ட வாளி வாங்கி நான் ஊத்துறேன். அண்ணன் உள்ள படுத்திருக்கிற நேரத்துல."

மெக்கானிக் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒருத்தர் மட்டும் ஊத்தியிருந்தா எப்பவோ பயந்து எங்கிட்ட ஓடி வந்திருப்பீங்க. மூணு பேரும் ரகசியமா ஊத்தி, யாருக்கும் பயமே வராமப் பண்ணிட்டீங்க. இப்படி ஒரு ஒத்துமையை நான் பார்த்ததே இல்ல."

வண்டிக்கு முடியவில்லை என்று அண்ணன் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதால் மூவரும் மறைத்தார்கள். ஒருவர் மற்றவரிடம் சொன்னால்கூட அது எப்படியாவது அவருக்குப் போய்விடும் என்று பயந்தார்கள். அந்த அன்பால்தான் நோய் முற்றியது. அந்த அன்பில்லாமல் கார் இத்தனை நாள் ஓடியிருக்காது என்பதும் உண்மை.

அதன் பிறகு அவிழ்ப்பு வேலை. மெக்கானிக் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து நல்ல கையிலிருந்த குச்சியால் காட்டினார், குண்டூசி கழற்றினார். தண்ணீரை வடித்தார், எண்ணெயை வடித்தார். எண்ணெய் பால் விட்ட காபி நிறத்தில் வந்தது. பிறகு பேட்டரியைத் தூக்கினார். அதற்குப் பின்னால், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடுக்கில், ஒரு எவர்சில்வர் டம்ளர் செருகியிருந்தது.

குண்டூசிக்கு அந்த டம்ளரை நன்றாகத் தெரியும். உள்பக்கம் ஆணியால் கீறிய கோடு ஒன்று இருக்கும். அண்ணன் இவ்வளவுதான் தண்ணீர் குடிக்கலாம் என்று மருத்துவர் போட்ட கட்டுப்பாட்டுக்காக அண்ணி அளந்து கொடுக்கும் டம்ளர். சில வாரங்களுக்கு முன் காணாமல் போய், வீட்டில் பெரிய ரகளையே நடந்திருந்தது. அவர் அதைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மாலையில் வீட்டுக்குப் போனபோது அண்ணன் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். டம்ளரை அவர் முன்னால் வைத்தார் குண்டூசி.

"இது எங்க கிடைச்சுது?"

"பேட்டரிக்குப் பின்னாடி."

"அங்க எப்படிப் போச்சு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

அண்ணன் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மத்தியானம் உங்க அண்ணி தூங்குவா. அப்ப என் தண்ணில பாதியை மிச்சம் பிடிச்சு ஊத்திட்டு வருவேன். ஒரு நாள் அவசரத்துல டம்ளர் அங்கேயே தங்கிடுச்சு."

"உனக்கே அளந்து குடுக்கற தண்ணியாச்சே! குழாயைத் திறந்தா வராதா?"

"குழாய் கத்தும். அவ முழிச்சுக்குவா."

"அது இருக்கட்டும். வண்டி நின்னா நானும் நின்னுடுவேன்னு சொன்ன ஆளு, அதுக்கு எதுக்குத் தண்ணி ஊத்தணும்?"

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"நின்னா நிறுத்திடுங்கன்னுதான் சொன்னேன். நிக்கணும்னு நான் எப்பச் சொன்னேன்?"

 குண்டூசி, "அப்ப செவ்வாய்க்கிழமை டாக்ஸில வா" என்றார்.

"அது மட்டும் முடியாது. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். டாக்டர் வேற இருந்தார்."

இங்கே பின்வாசல் எதுவும் இல்லை. மனிதருக்கு உயிர் மேல் ஆசை இருக்கிறது. தாகத்தைப் பொறுத்துக்கொண்டு அரை டம்ளர் மிச்சம் பிடிக்கிற அளவுக்கு இருக்கிறது. ஆனால் வாய் சொல்லிவிட்டது. அவரை அவர் வாயிடமிருந்து காப்பாற்ற அந்தக் கார் ஓடியே ஆக வேண்டும். அன்று பொழுது சாய்வதற்குள் குண்டூசி மறுபடி பட்டறைக்குப் போய், மீதியிருந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, அண்ணியும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, எஞ்சினின் தலையைத் தூக்கி இறக்கினார். பழைய கேஸ்கெட்டில் மூன்றாவது வட்டத்துக்கும் பக்கத்துத் தண்ணீர் ஓட்டைக்கும் நடுவே விரல் நகம் அகலத்துக்குக் கருகிய கோடு. இத்தனை பேரையும் அழவைத்தது அவ்வளவுதான்.

திங்கள் காலை தலையைத் துணியில் சுற்றி லேத்துப் பட்டறைக்கு எடுத்துப் போனார்கள். சூட்டில் அதன் அடிப்பாகம் லேசாக வளைந்திருந்தது. சமமாகச் சீவினால்தான் புதுத் தகடு உட்காரும். லேத்துக்காரர் மேசையில் ஏற்கெனவே ஒரு லாரியின் தலை ஏறியிருந்தது. லாரிக்காரர் பக்கத்திலேயே காவல் நின்றார், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நாளன்னைக்கு வாங்க" என்றார் லேத்துக்காரர்.

"நாளைக்கு எங்க அண்ணனுக்கு டயாலிசிஸ்" என்றார் குண்டூசி.

லாரிக்காரர் உடனே கிடுக்கியைத் தளர்த்தித் தன்னுடையதை இறக்கச் சொன்னார். "சரக்கு அழுகாது. இவங்களுதைப் போடுங்க." பிறகு வெளியே போய் பீடி பற்றவைத்துக்கொண்டு, யாரையோ போனில் நன்றாகத் திட்டினார்.

மதியத்துக்கு மேல் பூட்டுகிற வேலை. எஞ்சின் உடலின் மேற்பரப்பைப் பிளேடால் சுரண்டி, போல்ட் ஓட்டைகளில் தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்து, கண்ணாடி மாதிரி துடைத்தார் குண்டூசி. மெக்கானிக் பரம திருப்தியோடு, "நீங்க தகட்டை வைங்க, டீ சொல்லிட்டு வர்றேன்" என்று போனார். திரும்பி வந்தபோது தகட்டின் மேல் தலையும் ஏறியிருந்தது. போல்ட்டுகள்தான் பாக்கி.

"தகட்டுல எழுத்து போட்டிருந்துச்சே, பார்த்தீங்களா?"

"பார்த்தேன். கீழ்ப்பக்கமா திருப்பி வெச்சுட்டேன்."

மெக்கானிக் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "ஏன்?"

"துணில கம்பெனி எழுத்து இருக்கிற பக்கம் எப்பவும் உள்பக்கம்தான் போகும். எழுத்து வெளிய தெரிஞ்சா எந்த வீட்டுக்காரங்க காசு குடுப்பாங்க?"

"அக்கா, அது 'மேல்பக்கம்'னு எழுதியிருக்கிற எழுத்து!"

 திருப்பிப் போட்ட தகட்டில் ஒரு எண்ணெய் வழி அடைபட்டுப்போகும். வண்டி ஜோராகக் கிளம்பி, ஜோராக ஓடி, எண்ணெய் ஏறாமல் மேலே எல்லாம் தேய்ந்து, ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் நிரந்தரமாக நின்றிருக்கும். இறுக்கியிருந்தால் புதுத் தகடும் வீண். இன்னும் இறுக்கவில்லை. டீ சீக்கிரம் வந்ததற்காக டீக்கடைக்காரருக்கும் இந்தக் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

தலையை மறுபடி தூக்கினார்கள். தகடு திரும்பியது. இந்த முறை மெக்கானிக் குனிந்து ஒவ்வோர் ஓட்டையாகக் குச்சி விட்டுப் பார்த்தார்.

"இப்ப போல்ட்டு. அக்கா, இதுல ஒரு வரிசை இருக்கு, நான் சொல்றேன்..."

குண்டூசி அதற்குள் நடுவிலிருந்த போல்ட்டை லேசாக இறுக்கிவிட்டு, அதன் எதிரில் இருந்ததற்குப் போயிருந்தார். அங்கிருந்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி ஓரத்துக்கு.

"யாருக்கா சொன்னது, நடுவுலருந்து தொடங்கணும்னு?"

"சோபா. ஓரத்துலருந்து அடிச்சா நடுவுல சுருக்கம் வரும்."

"முதல்ல தலைகீழா வெச்சதும் சோபாதானே?"

"அது துணி. இது சட்டம். வேற வேற."

மெக்கானிக் வாதத்தைக் கைவிட்டு, இறுக்கம் காட்டும் ஸ்பானரின் 'க்ளிக்' சத்தத்துக்குக் காதைக் கொடுத்தார். கொஞ்சம் இறுக்கு, எல்லாவற்றையும் ஒரு சுற்று. இன்னும் கொஞ்சம், இன்னொரு சுற்று. குண்டூசி இழுத்தார், அவர் கேட்டார். தலையும் கையும் ஒரே ஆளாக வேலை செய்த நேரம் அது. வேலை முடிந்தபோது, "உங்க கை உடைஞ்சது எனக்கு நல்லதாப் போச்சு தம்பி" என்றார் குண்டூசி. அவர் அதை மனமார்ந்த நன்றியாகத்தான் சொன்னார். மெக்கானிக்கும் அப்படியே எடுத்துக்கொண்டார்.

வெளிச்சம் இருக்கும்போதே கிளப்பினார்கள். எஞ்சின் பிடித்தது. உடனே பின்னால் பழையபடி வெள்ளைப் புகை. அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மகள் திரும்பி நின்றுகொண்டாள்.

"பயப்படாதீங்க" என்றார் மெக்கானிக். "இது பழைய பாக்கி. நீங்க எல்லாரும் ஊத்தினது சைலன்சருக்குள்ள கிடக்கு. போகட்டும்."

போனது. கொஞ்சம் கொஞ்சமாகப் புகை மெலிந்து, பிறகு ஒன்றுமே இல்லை. ரேடியேட்டர் வாயில் தண்ணீர் சலனமில்லாமல் நின்றது. நான்கு காலாலும் நடக்கும் சத்தம். தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தும் முள் நடுவிலேயே இருந்தது.

செவ்வாய் காலை அண்ணன் சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு, சொன்ன நேரத்துக்குப் படியிறங்கி வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு தங்கையின் நகங்களைப் பார்த்தார். எந்த சோப்புக்கும் மசியாத கரி அவற்றின் ஓரங்களில் அப்பியிருந்தது. உடன்பிறந்தவர்களிடம் நன்றி என்று சொல்வது மேடைப்பேச்சு மாதிரி ஆகிவிடும். சொன்னால் ஏதோ கோபம் என்றுதான் நினைப்பார்கள். அவரும் சொல்லவில்லை. முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, வழி நெடுக, ஒவ்வொரு சிக்னலிலும், பழைய உத்தியோகக் குரலில் அறிவித்துக்கொண்டே வந்தார்.

"முள்ளு நடுவுல நிக்குது, குண்டூசி."

"தெரியுதுண்ணா."

அடுத்த சிக்னலில், "இன்னும் நடுவுலதான்."

"ம்."

நாற்சந்தி வந்ததும் பேச்சை நிறுத்தினார். கார் அதைத் தாண்டியது. அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டார். "நடுவுலதான்" என்றார். 

குண்டூசி அண்ணனுடைய பழைய காரின் எஞ்சின் தலையைக் கழற்றி, கேஸ்கெட்டை மாற்றிப் பூட்டினார். செவ்வாய்க்கிழமை அந்தக் காரிலேயே அவரை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.